‘இனிது’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும்

குறுந்தொகையின் 167ஆம் பாட்டைத் தமிழ் படித்தவர்களில் அறியாதவர் குறைவு. புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பெண் ஒருத்தி, முற்றிய தயிரை விரல்களால் பிசைகிறாள். விரலைக் கட்டியிருக்கும் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைத்து உடுத்த அவளுக்கு அவகாசமில்லை. தாளிப்பின் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. பாடியவர் கூடலூர் கிழார். திணை முல்லை.

இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகத்தான் இந்தப் பாட்டை வகுப்பறைகளில் நடத்துகிறோம். அந்த ஒரு சொல்லையும் அந்த ஒரு மலர்ச்சியையும் வியந்து பேசிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம். அவள் சமைத்ததைச் சமையலாக வாசிப்பதில்லை.

வாசித்துப் பார்ப்போம். தயிர் சேர்ந்த அந்தப் புளிப்புக் குழம்பை இன்றைய மோர்க்குழம்பின் மூதாதை என்று கொள்வது வழக்கம். மோர்க்குழம்பு முதல்முறை அடுப்படிக்கு வருபவர் தொடவேண்டிய குழம்பு அல்ல. சாம்பாரில் பருப்பு அதிகம் குழைந்தால் யாருக்கும் நட்டமில்லை. ரசம் ஒரு கொதி கூடிவிட்டாலும் குடித்துவிடலாம். தயிர் அப்படி விடாது. சூடு ஏறினால் திரியும். நீர் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்து நிற்கும். அரைத்துச் சேர்க்கும் துவரம்பருப்போ அரிசியோ கடலைமாவோதான் அதைப் பிடித்துவைக்கிறது. தீயைக் குறைத்து, கரண்டியை நிறுத்தாமல், ஓரத்தில் நுரை கூடிவரும் கணத்தில் இறக்க வேண்டும். அந்தக் கணத்தில் கையை எடுத்து வேறொன்றைத் தேட முடியாது. விரலைச் சேலையில் துடைத்தது ஏன் என்று சமைத்தவர்களுக்குப் புரியும். அவள் அழுக்குப் பார்க்காதவள் அல்ல. அவளுக்கு உதவ இன்னொரு கை அந்த வீட்டில் இல்லை. ‘தானே’ சமைத்தாள் என்பதைப் புலவர் பெருமையாகச் சொல்கிறார். அதைத் தனிமை என்றும் வாசிக்கலாம்.

ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள்: “அம்மா, அவன் நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாட்டின் அடித்தளத்தை அசைக்கும் கேள்வி அது. இந்தப் பாட்டை யார் யாரிடம் சொல்கிறார்கள்? புகுந்த வீட்டைப் பார்த்துவந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். அதாவது இது ஒரு விசாரணைக்கான பதில். ‘நம் பெண் சமாளிக்கிறாளா?’ என்ற கவலையோடு ஒரு தாய் காத்திருக்கிறாள். அந்தக் கவலையை ஆற்ற ஒருத்தி போய்ப் பார்த்து வந்திருக்கிறாள். குழம்பு திரிந்துபோயிருந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் பாட்டுக்கு வெளியே இல்லை. பாட்டைச் சொல்லவைப்பதே அதுதான். அந்த மலர்ச்சி மகிழ்ச்சி மட்டும்தானா? தேர்வு முடிவு வந்த முகமும் அப்படித்தான் இருக்கும்.

சமைக்கத் தெரியாத ஒருவர் தன் இணைக்குச் சமைக்கும் முதல் இரவுச் சாப்பாடு என்பது அன்பான விஷயம். அதை நான் மறுக்கவில்லை. அந்த அன்பின் சித்திரத்தில் சமைப்பவராக எப்போதும் ஒருத்தியும், சொல் சொல்பவராக எப்போதும் ஒருவனும் இருப்பது எப்படி என்பதே என் கேள்வி.

சங்கப் பாடல்களில் இதற்குத் துணைச்சாட்சிகள் உண்டு. நற்றிணை 110இல், பொற்கிண்ணத்துப் பாலைக் குடிக்க மறுத்து வீடெல்லாம் ஓடிய சிறுமி, வறுமைப்பட்ட கணவன் வீட்டில் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். தந்தை வீட்டுச் சோற்றை நினைப்பதுமில்லை. இந்த அறிவை எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். பசியை மறைப்பது அங்கே அறிவு எனப்படுகிறது. நற்றிணை 120இல் ஊடல்கொண்ட மனைவி அடுப்படியில் நிற்கிறாள். கண்ணில் புகை, நெற்றியில் வியர்வை. முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். கணவன் தள்ளி நின்று அந்த அழகைப் பார்க்கிறான். ஒரு விருந்தாளி வந்தால் நல்லது, இவள் கோபத்தை மறைத்துச் சிரிப்பாள் என்று விரும்புகிறான். புகையை ஊதிவிடவோ விறகை வாங்கித் தள்ளவோ அவனுக்குத் தோன்றவில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் ஒரு சாப்பாடு இருக்கிறது. மாதரி கொடுத்த காய்களைக் கண்ணகி நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. ஐயை மூட்டிய அடுப்பில், தன் கை அறிந்த அளவில் சமைத்துக் கோவலனுக்குப் படைக்கிறாள். அவன் உண்டு, வெற்றிலை போட்டு, சிலம்போடு கிளம்பிப் போகிறான். அது அவனுடைய கடைசிச் சாப்பாடு. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புகார் நகரத்துப் பெருவணிகன் மகளுடைய சமையல், அவள் கை அறிந்த ஒன்று என்று சொல்லப்படுகிறது. சிறுபாணாற்றுப்படையோ, நல்லியக்கோடனின் விருந்தைப் பற்றிப் பேசும்போது, அருச்சுனனின் அண்ணன் வீமன் செய்த சமையல் நூலின்படி ஆக்கிய உணவு என்கிறது. பெண் சமைத்தால் அது கையில் இருக்கிறது. ஆண் சமைத்தால் அது நூலில் இருக்கிறது.

இந்தப் பிரிவினை நம் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உயர்ந்த சமையலுக்கு நளபாகம், வீமபாகம் என்று இரண்டு ஆண்களின் பெயர். பெண்ணின் சமையலுக்குக் கைமணம், கைப்பக்குவம். நளன் கற்றவன்; நம் பாட்டிக்கு ‘வாய்த்திருக்கிறது’. இது பாராட்டு போலத் தெரியும். ஆனால் கையோடு பிறந்தது என்று சொல்லிவிட்டால் அது உழைப்பும் அல்ல, பயிற்சியும் அல்ல. கூலியும் கிடையாது, ஓய்வும் கிடையாது. முக்கியமாக, அது வாய்க்காத பெண்ணுக்கு மன்னிப்பும் கிடையாது. சமைக்கத் தெரியாத ஆண் ‘பாவம், தெரியாது’. சமைக்கத் தெரியாத பெண்ணை ‘வளர்த்த லட்சணம்’ என்போம். குறுந்தொகைத் தாயின் கவலை அங்கிருந்துதான் வருகிறது.

தெரியாமையை வெட்கமாகப் பார்க்காத முதல் பெரிய தமிழ்ப் பிரதி என்று நான் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பா’ரைச் சொல்வேன். 1951இல் வந்தது. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர் மீனாட்சி அம்மாள். குடும்பத்துப் பெண்கள் ஓயாமல் செய்முறை கேட்டுக்கொண்டிருந்ததும், உறவினர் ஒருவர் தந்த ஊக்கமும் அவரை எழுதவைத்தன. அவர் செய்தது எளிமையானது, ஆனால் பெரியது. கையில் இருந்ததை அளவில் எழுதினார். ‘கொஞ்சம்’, ‘ஒரு பதத்தில்’ என்று மழுப்பாமல், எத்தனை ஆழாக்கு, எதற்கு அடுத்து எது என்று சொன்னார். பெண்ணின் சமையலும் நூலானது. மாமியாரின் முகத்தைப் பார்த்துக் கற்கவேண்டியதைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்க முடிந்தது. தலைப்பிலேயே ஒரு விடுதலை இருக்கிறது. ‘பார்’ என்றால் முயன்று பார். முயன்று பார்க்கிறவர் தவறலாம்.

அதன் எல்லைகளும் தெளிவு. அது ஒரு குறிப்பிட்ட சாதியின் சைவச் சமையலறை. கருவாட்டுக்கும் முட்டைக்கும் அங்கே இடமில்லை. இரண்டாவது, அந்தப் புத்தகம் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்களில் ஒன்றாகிவிட்டது. கல்யாண மாப்பிள்ளைக்கு அதை யாரும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரியாமைக்கு மரியாதை கிடைத்தது. ஆனால் தெரியாதவள் பெண்ணாகவே இருந்தாள்.

அதற்குப் பிறகு பத்திரிகைகளின் இணைப்புகளிலும் தொலைக்காட்சியிலும் வந்த ‘எளிய சமையல்’ எழுத்துகள் மீனாட்சி அம்மாளின் பொறுமையைக் கைவிட்டு, வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. பத்து நிமிடத்தில் இரவு உணவு, கணவரை அசத்த நான்கு வகை. இந்த ‘எளிய’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாதம் பத்து நிமிடம் என்று எழுதுகிறோம். சோறு வடித்து ஆறியிருக்க வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை. எலுமிச்சை வாங்கியது இல்லை. கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்ற நினைவு இல்லை. தோசை ஐந்து நிமிடம். அரிசி ஊறிய நான்கு மணி நேரமும் மாவு புளித்த ஓர் இரவும் கணக்கில் வராது. கடாயைத் துலக்குவது எந்தச் செய்முறையிலும் கடைசி வரியாக வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இன்றைக்கு என்ன சமைப்பது’ என்று காலையிலிருந்து மண்டைக்குள் ஓடும் வேலைக்குக் கடிகாரமே கிடையாது. குறுந்தொகைக்கும் இதற்கும் இந்த இடத்தில் வேறுபாடில்லை. அங்கும் குழம்பு முடிந்ததும் ‘இனிது’ வந்துவிடுகிறது. சட்டியைக் கழுவியது யார், தயிர் தோய்ந்த ஆடையைப் பிறகு துவைத்தது யார் என்று பாட்டு சொல்வதில்லை.

கடிகாரம் இல்லாத இந்த வேலைக்கு ஓரளவு கணக்கு எடுத்தது இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு. 2019இல், வீட்டினருக்காகச் சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழப்போனால் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. தமிழக அரசு 2011இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் தரத் தொடங்கியது. அவை அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஓரம்கட்டியது உண்மை. பெண்களுக்கான திட்டம் என்ற பெயரிலேயே வந்தன என்பதும் உண்மை. வேலை இலகுவானது. வேலைக்காரர் மாறவில்லை.

இந்த வாசிப்பை இப்போது வல்லக்கோட்டைக்குக் கொண்டுபோக விரும்புகிறேன். காரணம், குறுந்தொகைப் பெண்ணின் நிலை இன்று ஆயிரக்கணக்கில் திரும்ப நிகழும் இடம் அது.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இருக்கும் வல்லக்கோட்டையைப் பலரும் முருகன் கோயிலால் அறிவார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். முகூர்த்த நாள்களில் கல்யாணக் கூட்டம். ஊரைச் சுற்றி இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள். ஒரு பக்கம் ஒரகடத்தின் கார், லாரித் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் சுங்குவார்சத்திரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகள். 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடியது வரை, பிறகு ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் வரை, மின்னணு வரிசைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தொலை மாவட்டங்களிலிருந்து படிப்பு முடிந்த கையோடு வருகிறார்கள். பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்த தொழிலாளர் விடுதிக்கு மட்டும் 18,720 படுக்கைகள்.

விடுதி அறையில் அடுப்பு கிடையாது. காலை உணவு விடுதியில், மதியம் ஆலை கேன்டீனில், மறுபடி விடுதியில். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டை விட்டவள் இருபத்தைந்தில் கல்யாணத்துக்கு நிற்கும்போது, அம்மாவின் அடுப்படியில் கற்றிருக்கவேண்டிய ஆறேழு வருடங்களை வரிசையில் திருகாணி முடுக்கிக் கழித்திருக்கிறாள். முன்பு சமைக்கத் தெரியாத பெண் என்றால் வசதியான வீட்டுப் பெண் என்று பொருள். உழைக்கும் குடும்பத்துப் பெண்கள் உழைப்பினாலேயே சமையல் அறியாதவர்களாக இருப்பது புதிது. இதை இழப்பு என்று அழவேண்டியதில்லை. அவள் கை வேறொன்றை அறிந்திருக்கிறது. அதற்குச் சம்பளமும் பெற்றிருக்கிறது.

அந்தச் சம்பளத்தின் கதையிலும் சாப்பாடு நடுவே வருகிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்வாரில்லாத நிலையில் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடியது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. தட்டில் விழும் சோறு நன்றாக இல்லை என்று பெண்கள் சொன்ன தருணம் அது. உண்பவர்களாக நின்று அவர்கள் தீர்ப்புச் சொன்னபோது ஒரு நெடுஞ்சாலை நின்றது. ‘இனிது’ என்று கேட்கக் காத்திருப்பவளாக மட்டுமே பெண்ணைப் பாடிய மரபில் இதற்கு முன்மாதிரி அரிது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இன்னொன்றை எழுதியது: மணமான பெண்களை அந்த ஆலையின் ஐபோன் வரிசைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள், குடும்பப் பொறுப்பு அவர்களுக்கு அதிகம் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் கால்பங்கு மணமானவர்கள் என்றது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் பாகுபாட்டை அப்போது தடுத்துவந்த 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. எனக்கு இதில் உறுத்துவது ‘குடும்பப் பொறுப்பு’ என்ற சொல்தான். அதை உடைத்தால் உள்ளே இருப்பது அரிசி, பருப்பு, பாத்திரம், குழந்தை. மணமான ஆணுக்கு அது இருப்பதாக எந்த வாசலும் கருதுவதில்லை. ஆகவே ஒரு பெண் முதன்முதலாகக் கணவனுக்குச் சமைக்கும் எளிய இரவு உணவு அவ்வளவு எளியதல்ல. அந்தக் கரண்டி எந்தக் கையில் நிலைக்கிறதோ அந்தக் கைதான் வேலைக்கான வாசலில் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

கல்யாணமானவர்கள் விடுதியை விட்டு, சுற்றுவட்டாரத்து வரிசை வீடுகளில் ஓர் அறையும் சின்ன அடுப்படியுமாகக் குடிவருகிறார்கள். அவன் ஒரு ஆலையில், அவள் இன்னொரு ஆலையில். மூன்று ஷிப்டு ஓடும் ஊரில் ‘இரவு உணவு’ என்பதே எந்த நேரம் என்று சொல்ல முடியாது. அவள் இரவு பத்து மணிக்குத் திரும்பும் வாரத்தில் அவன் பத்து மணிக்குக் கிளம்புகிறான். இந்த வீட்டில் யார் சமைக்க வேண்டும்? வீட்டில் இருப்பவர் என்பதுதான் நேரான பதில்.

அதைவிடச் சுவையான உண்மை ஒன்றுண்டு. இந்த இருவரில் முன் அனுபவம் பெரும்பாலும் அவனுக்குத்தான். பெண்கள் விடுதியில் அடுப்பில்லை. ஆனால் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து எடுக்கும் வாடகை அறையில் அடுப்பு உண்டு. முறைபோட்டுச் சோறு வடித்து, தக்காளிக் குழம்பு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்துச் சமைத்த பையன்கள்தான் மாப்பிள்ளைகளாகிறார்கள். தாலி கட்டிய மறுநாள் அந்த வித்தை அவர்களுக்கு மறந்துபோகிறது. நளபாகம் அறிந்தவன் பருப்பு டப்பா எங்கே என்று கேட்கிறான். அவள், தெரியாதவள், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கேட்டுத் துழாவுகிறாள். போனின் மறுமுனையில் அதே நற்றாய்.

இந்த அடுப்படியைப் பற்றி எழுதியவர்கள் நமக்கு உண்டு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’, பெரிய வீட்டில் சமையலறை மட்டும் ஏன் மூலையில் கிடக்கிறது என்று கேட்டது. பெண்ணின் அதிகாரம் அங்கேதான் என்று அவளை நம்பவைத்ததன் விலையைக் காட்டியது. 2021இல் வந்த ஜியோ பேபியின் மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மிச்சத்தையும் காட்டியது: எச்சில் தட்டு, ஒழுகும் தொட்டிக் குழாய், குக்கரில் வெந்த சோற்றை ஏற்காத மாமனார். அந்தப் படத்தின் கடைசியை நான் அடிக்கடி நினைப்பேன். முதல் மனைவி வெளியேறிவிடுகிறாள். அதே அடுப்படியில் இரண்டாம் மனைவி நிற்கிறாள். பெண் வெளியேறலாம், அடுப்படி அடுத்தவளுக்காகக் காத்திருக்கும். வெளியேறுவது ஒரு விடை. வல்லக்கோட்டை வரிசை வீட்டில் சேர்ந்து வாழவே விரும்பும் இருவருக்கு இன்னொரு விடையும் வேண்டும்.

அந்த விடை ஒரு சமையல் குறிப்பாகவே இருக்கலாம், அதன் இலக்கணத்தை மாற்றினால். தமிழ்ச் சமையல் குறிப்பு ‘செய்யவும்’, ‘ஊற்றவும்’ என்று பால் காட்டாத ஏவலில் பேசுகிறது. ஆனால் அதைக் கேட்பவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை இருவருக்குச் சொல்வோம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. ஒருவர் கழுவ, மற்றவர் சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு நறுக்கட்டும். குக்கரிலேயே எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகாய் தாளித்து, நறுக்கியதை வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, நான்கு விசில். கொங்குநாட்டு அரிசிபருப்புச் சாதம் இதுதான். அப்பளம் சுடலாம், முட்டை அவிக்கலாம். கடைசி வரியையும் சேர்த்தே எழுதுவோம்: சமைத்தவர் உட்காரட்டும், குக்கரை மற்றவர் துலக்கட்டும், நாளைக்கு என்ன என்பதை மற்றவர் யோசிக்கட்டும். இந்தக் கடைசி வரி இல்லாத எந்தக் குறிப்பையும் ‘எளியது’ என்று அழைக்க நாம் மறுக்க வேண்டும்.

மோர்க்குழம்பை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். திரிந்துபோனால்? அந்த மாணவியின் கேள்வி இதுதானே. திரிந்த மோர்க்குழம்பு பார்வைக்கு நன்றாக இருக்காது. சாப்பிடக் கெடுதல் இல்லை. இரண்டு பேரும் அதையே சோற்றில் ஊற்றிக்கொண்டு, சூடு அதிகமா, மாவு குறைவா என்று பேசலாம். சேர்ந்து சமைத்திருந்தால் அதில் குற்றவாளி என்று ஒருவர் இருக்கமாட்டார். செவிலி யாரும் எட்டிப்பார்த்து ஊருக்குச் சேதி கொண்டுபோக வேண்டியதில்லை. அடுத்த வாரம் அவன் கரண்டி பிடிக்கட்டும், அவள் ஷிப்டு முடிந்து வந்து உட்காரட்டும். நன்றாக இருந்தால் ‘இனிது’ என்று அவள் சொல்லட்டும். அவன் முகம் எப்படி மலர்கிறது என்று பாட, நம் மொழியில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது.